புகை வந்த இடம் வேறு

என் மாடல் டாங்கியைப் பார்த்து யாராவது ‘பொம்மை’ என்றால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று இருக்கும். 16-இல் 1 பங்கு அளவில், ரேடியோ ரிமோட்டில் ஓடும் ஜெர்மன் டைகர்-1 அது. 7 மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டு ஒருவழியாக முடிந்தது. அக்கா மகனின் பிறந்தநாளன்று, வீடு நிறைய சனம் பார்த்திருக்க, கூடத்துக் கம்பளத்தின் மேல் வைத்து நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றவிட்டேன்.

கால் சுற்று வந்தது. உள்ளே கடலை வறுக்கிற மாதிரி கடகடவென்று சத்தம். அடுத்து புகை. பிள்ளைகள் கைதட்டினார்கள். இதில் புகையெல்லாம் வரும் என்று முன்கூட்டியே பெருமையடித்தவன் நான்தானே! ஆனால் புகைக்குழாய் இருப்பது வண்டியின் பின்புறம். புகை கிளம்பியது பீரங்கி உட்கார்ந்திருக்கும் டரட்டின் அடியிலிருந்து. அந்த அறையில் அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். “அருமைடா, இன்னொரு தடவை பண்ணு” என்றார் மாமா. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி வண்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு.

எங்கே தப்பு நடந்தது என்று சொல்வதற்கு முன், ட்ராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையை) ஏன் மாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன். டைகரின் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். பல டாங்கிகளில் ட்ராக்கின் மேல்பாதியைத் தாங்கச் சின்ன உருளைகள் இருக்கும். டைகரில் அவை கிடையாது. அந்தக் கனத்த இரும்புப் பட்டை சக்கரங்களின் முதுகிலேயே தொய்ந்து படுத்திருக்கும். வண்டியின் எடை என்ன என்பதை அந்தத் தொய்வே சொல்லிவிடும். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் ட்ராக்கோ மாவு மில் பெல்ட் மாதிரி விறைத்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரும்பு ட்ராக் வாங்கினேன்.

விற்றவரிடம் இரண்டு முறை கேட்டேன். “அப்படியே மாட்டிக்கலாம் சார், கச்சிதமா உட்காரும்” என்றார். பொய்யில்லை, கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. சமையலறைத் தராசில் வைத்தபோது ஜோடி 1 கிலோ 300 கிராம் காட்டியது. மொத்த வண்டியே 4 கிலோவுக்குள்தான். இவ்வளவு கனத்தை இழுக்கப்போவது உள்ளே இருக்கும் சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக் கியர் என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வாங்குகிறவன்தான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பார்கள். கேட்டேனே ஐயா, இரண்டு முறை கேட்டேன்.

இதற்கு மேல் நான் செய்ததுதான் பெரிய கூத்து. கம்பளத்தில் ட்ராக் கழன்றுவிடுமோ என்ற பயத்தில், பின்சக்கரத்தை நகர்த்தும் திருகைத் திருகித் திருகி ட்ராக்கை வீணைத் தந்தி மாதிரி இறுக்கினேன். எந்தத் தொய்வுக்காகக் காசு கொடுத்தேனோ, அதை என் கையாலேயே முறுக்கி எடுத்துவிட்டேன்.

நின்ற இடத்தில் திரும்பும்போது ஒரு ட்ராக் முன்னால் போகும், மற்றது பின்னால் போகும். தரையில் படிந்திருக்கும் பட்டை முழுவதும் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும். சிமெண்டுத் தரையென்றால் வழுக்கிவிடும். கம்பளம் பிடித்துக்கொண்டது. இடது பக்கக் கியரின் பற்கள் முதலில் மழுங்கின. கடலை வறுத்தது அதுதான். நான் விரலை எடுக்காமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்ததில் வலது மோட்டார் சுற்ற முடியாமல் முக்கி நின்றது. நின்றுபோன மோட்டார் ஓடுகிற மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியும் கேட்டதையெல்லாம் முகம் சுளிக்காமல் கொடுக்கும். கடைசியில் போர்டில் மோட்டாரை ஓட்டும் டிரான்சிஸ்டர் கருகியது. புது போர்டுக்கு 4,000 ரூபாய்க்கு மேல் ஆனது. பேட்டரி ஒயரில் ஒரு ஃப்யூஸ் போட்டிருந்தால் 20 ரூபாயோடு போயிருக்கும். இப்போது போட்டிருக்கிறேன்.

ஆகவே, நீங்களும் இரும்பு ட்ராக் மாட்டுவதென்றால், குறைந்தது வரிசையையாவது மாற்றாதீர்கள். முதலில் மெட்டல் கியர்பாக்ஸ், அடுத்து அச்சுகளுக்குப் பேரிங், பிறகு மெட்டல் ஸ்ப்ராக்கெட்டும் (ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரம்) பின்சக்கரமும். இரும்பு ட்ராக் எல்லாவற்றுக்கும் கடைசி. அதை மாட்டுமுன் நாலு தடிப் புத்தகங்களின் மேல் வண்டியை நிறுத்தி வெறும் ஸ்ப்ராக்கெட்டை 10 நிமிடம் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். மாட்டிய பிறகு ட்ராக்கின் மேல்பாதி சக்கரங்களின் மேல் சோம்பலாகப் படுத்திருந்தால் சரி. நிமிர்ந்திருந்தால் தளர்த்துங்கள்.

இந்த விஷயத்தில் அசல் டைகரே பாரத்தில் தவித்த வண்டிதான். 57 டன், ஆரம்பத்தில் 650 குதிரைசக்தி மேபாக் எஞ்சின். ஒரு டைகர் சேற்றில் மாட்டினால் இன்னொரு டைகரை வைத்து இழுக்கக் கூடாது என்பது ராணுவ உத்தரவு. இழுத்தால் அதுவும் படுத்துவிடும் என்ற பயம். முன்னால் சக்கரமும் பின்னால் ட்ராக்குமாக ஓடும் 18 டன் அரைச்சங்கிலி வண்டிகள் இரண்டு மூன்றைக் கட்டி இழுப்பார்கள். 1943-இல் டைகர் வீரர்களுக்கென்றே கேலிப்படமும் பாட்டுமாக ‘டைகர்ஃபீபெல்’ என்று ஒரு கையேடு போட்டார்கள். ராணுவமே சிரிக்கவைத்துப் படிக்கச் சொன்னது. நானோ பெட்டிக்குள் இருந்த நாலு பக்கத் தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

ஒட்டுவது, உப்புத்தாள் போடுவது, ப்ரைமர் அடிப்பது எல்லாம் எந்த மாடலுக்கும் உள்ளதுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: சக்கரங்களை மாட்டுமுன் பெயிண்ட் அடித்துவிடுங்கள். டைகருக்குப் பக்கத்துக்கு 8 அச்சு. ரப்பர் விளிம்புள்ள சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடுக்காக நிற்கும். மாட்டிய பிறகு உள்வரிசைக்குத் தூரிகை போகாது. ரஷ்யப் பனியில் இந்த அடுக்குக்குள் சேறு உறைந்து சக்கரங்களே சுற்றாமல் போயிருக்கின்றன. உள்சக்கரம் ஒன்றை மாற்ற வெளிச்சக்கரங்களை வரிசையாகக் கழற்ற வேண்டியிருந்தது. மாடலிலும் அதே கதைதான்.

நான் செய்தது 131-ஆம் எண் டைகர். 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்த வண்டி. இன்று இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. 2014-இல் வந்த ‘ஃப்யூரி’ படத்தில் வரும் டைகர் இதேதான். பீரங்கிக்கு அடியில் பட்டுத் தெறித்த ஒரு குண்டு டரட் வளையத்தில் மாட்டி, டரட் திரும்பாமல் போனது. உள்ளே இருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். அந்தத் தழும்பு இல்லாமல் 131 என்று எண் மட்டும் எழுதினால் என்ன அர்த்தம்? சால்டரிங் அயன் முனையைச் சூடாக்கி, பீரங்கிக்குக் கீழே பிளாஸ்டிக்கில் மெல்ல ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில் எழும்பி நின்ற பிசிறை வெட்டவில்லை. இரும்பைக் குண்டு உழுதாலும் அப்படித்தான் உதடு பிதுங்கி நிற்கும். உள்பள்ளத்தில் பென்சில் கரியை விரலால் தேய்த்தேன். வண்டி முழுவதிலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான்.

வெல்டிங் தழும்புக்கு எம்-சீல் போதும். நூல் மாதிரி உருட்டி இடுக்கில் வைத்து, இறுகுமுன் கத்திமுனையால் நெருக்கமாக ஒற்றிக்கொண்டே போங்கள். இழுவைக் கம்பிக்குச் சைக்கிள் பிரேக் கம்பி. புழுதிக்கு வெளிநாட்டுப் பொடி டப்பாக்கள் விற்கிறார்கள். நான் கோலமாவில் துளி காவிப்பொடி கலந்து, தின்னரில் கரைத்துத் தடவினேன். துனீசியப் புழுதியும் வெளிறியதுதான். (கோலமாவு டப்பாவில் காவி விழுந்ததற்கு வீட்டில் என்ன கிடைத்தது என்பது தனிக்கதை.)

பிளாஸ்டிக் பீரங்கிக் குழலும் பிடிக்கவில்லை. கோவை கணபதியில் எங்கள் தெருமுனையில் ஒரு லேத் பட்டறை. அளவு எழுதிக் கொடுத்தேன். “ஏனுங் சார், இது சுடுமுங்களா?” என்று கேட்டுக்கொண்டே அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார் அந்தத் தம்பி. கூலி வாங்க மறுத்துவிட்டார், ஓட்டிக் காட்டினால் போதுமாம். கொண்டுவந்து மாட்டினேன். பீரங்கி தலை குனிந்துகொண்டது. தூக்கும் கியருக்கு அந்தக் கனம் தாங்கவில்லை. ட்ராக்கில் 4,000 ரூபாய் கட்டிப் படித்த பாடத்தை இங்கே மறந்துவிட்டேன். கார் சக்கரம் பேலன்ஸ் செய்யும் ஈயக்கட்டியைப் பின்பக்கம் ஒட்டியதும் தலை நிமிர்ந்தது.

இனி ஒரு பழைய பாக்கி. ஒரு பள்ளி அரங்கில் நடந்த மாடல் கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோயிருந்தேன். விவரம் தெரிந்தவர் என்று எல்லோரும் வழிவிடும் ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “டைகருக்கு ஸிம்மரிட் பூச்சு எங்கே தம்பி? அது இல்லாமல் டைகரா?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கக் கவசத்தின் மேல் சீப்பு இழுத்த மாதிரி பூசும் பசை அது. அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். தொழிற்சாலையில் ஸிம்மரிட் பூச ஆரம்பித்தது 1943-இன் பிற்பகுதியில். துனீசியாவில் ஜெர்மானியர்கள் சரணடைந்தது அந்த வருஷம் மே மாதம். என் வண்டி அதற்கும் முன்பே பிடிபட்டுவிட்டது. அதன் மேல் ஸிம்மரிட் பூசியிருந்தால்தான் தப்பு. அவர் இதைப் படித்தால் நல்லது.

மாமாவுக்கு இன்னும் உண்மை தெரியாது. அடுத்த பிறந்தநாளுக்கும் டாங்கி வர வேண்டும், பழைய மாதிரியே புகை வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது புகை முறையாகப் பின்குழாயில்தான் வருகிறது, அவருக்கு அது போதாது. நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் மொட்டை மாடியில் தாராளமாக ஓட்டிக் காட்டுகிறேன். கூடத்துக் கம்பளத்தில் மட்டும் கேட்காதீர்கள்.