எந்த நாட்டு வரலாறு?

நுழையும்முன்

ஒரு நாட்டில் பிறந்து மற்றொரு நாட்டில் வளரும் குழந்தைகள் உலகெங்கும் உள்ளனர். பெற்றோரின் பணி முடிந்ததும் அவர்கள் தாயகம் திரும்பலாம். வேறொரு நாட்டிற்குச் செல்லவும் நேரலாம். அவர்களுக்கு எம்மொழியில் கற்பிப்பது? எந்த நாட்டின் வரலாற்றைக் கற்பிப்பது? இவ்வினாக்களுக்கு நூறாண்டுகளாக விடைதேடி வரும் ஒரு பள்ளியை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

பள்ளியின் தோற்றம்

முதல் உலகப்போர் 1918இல் முடிவுற்றது. இனியொரு போர் மூளாமல் தடுக்கும் நோக்குடன் 1920இல் பன்னாட்டுச் சங்கம் செயல்படத் தொடங்கியது. அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் அமைந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அந்நகரிலேயே இயங்கியது. இவற்றில் பணியாற்றப் பல நாட்டு அலுவலர்கள் குடும்பத்துடன் வந்து குடியேறினர்.

ஜெனீவா நகரப் பள்ளிகளின் பயிற்றுமொழி பிரெஞ்சு. ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது புதுமொழி. அப்பள்ளிகளின் பாடத்திட்டமும் அந்நாட்டு மாணவர்களுக்கென வகுக்கப்பட்டதே. எனவே, அமெரிக்கரான ஆர்தர் ஸ்வீட்சர், போலந்து நாட்டு மருத்துவர் லுட்விக் ராய்க்மன் ஆகிய சங்க அலுவலர்களும் சுவிஸ் கல்வியாளர் அடால்ஃப் ஃபெரியரும் புதியதொரு பள்ளியைத் தோற்றுவிக்கும் முயற்சியில் முன்னின்றனர். 1924இல் ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி மிகச் சில மாணவர்களுடன் தொடங்கியது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அதன் பயிற்றுமொழிகள் ஆயின.

தெரிந்து தெளிவோம்

ஜவகர்லால் நேரு, தம் துணைவியார் கமலாவின் மருத்துவத்திற்காக 1926இல் ஜெனீவா சென்று தங்கினார். அப்போது அவர்தம் மகள் இந்திரா இப்பள்ளியில் பயின்றார்.

உலக உருண்டையே முதற்பாடம்

பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாய் அமரும் வகுப்பில் வரலாறு கற்பித்தல் எளிதன்று. ஒரு நாட்டின் வெற்றி மற்றொரு நாட்டின் தோல்வியாகும். ஒரு நாட்டார் வீரரெனப் போற்றுபவரை அண்டை நாட்டார் ஆக்கிரமிப்பாளர் என்பர். ஆசிரியர் யார் பக்கம் நின்று பேசுவார்?

1929 முதல் 1949 வரை இப்பள்ளியை வழிநடத்திய மரீ தெரேஸ் மோரெத் இவ்வினாவை எதிர்கொண்டார். இளஞ்சிறார்க்கு முதலில் உலகப் புவியியலையே கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. உலக உருண்டையில் கண்டங்களையும் கடல்களையும் கண்டறிந்த குழந்தை, தன் நாடு பேருலகின் ஒரு பகுதி என்பதை இயல்பாக உணரும். நாட்டு வரலாற்றை இளமையிலேயே புகட்டாமல், ஏறத்தாழ 12 வயதிற்குப் பின்னர் உலக வரலாற்றைத் தொடங்க வேண்டும் என்றார். ஒரே காலத்தில் வெவ்வேறு நாடுகளில் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டுக் கற்கும் மாணவர், தம் நாட்டை மட்டுமே மையமாகக் கொள்ளார் என அவர் நம்பினார்.

போரும் பள்ளியும்

அமைதியைக் காக்கத் தோன்றிய பன்னாட்டுச் சங்கத்தால் இரண்டாம் உலகப்போரைத் தடுக்க இயலவில்லை. போர்க்காலத்தில் பல குடும்பங்கள் ஜெனீவாவை விட்டு வெளியேறின. மாணவர் எண்ணிக்கை குறைந்தது. 1946இல் சங்கம் கலைக்கப்பட்டது. பள்ளியோ நிலைத்து நின்றது.

அப்படியாயின் இக்கல்வி தோற்றதா? ஒரு பள்ளியால் போரை நிறுத்த இயலாது. எனினும், போரின் அழிவைக் கண்ட பின்னரும் மோரெத் தம் கொள்கையைக் கைவிடவில்லை. அமைதிக்கான கல்வி முறைகளைப் பற்றித் தம் பட்டறிவைத் தொகுத்து, 1948இல் யுனெஸ்கோவிற்காக எழுதினார்.

தேர்வு பிரித்தது, தேர்வே இணைத்தது

மற்றொரு சிக்கலும் இருந்தது. மாணவர்கள் உயர்கல்விக்கு வெவ்வேறு நாடுகளுக்குச் செல்பவர்கள். ஒவ்வொரு நாட்டின் பல்கலைக்கழகமும் தனித்தனித் தகுதியை எதிர்பார்த்தது. இளமை முதல் சேர்ந்து கற்றவர்கள், பள்ளியிறுதி ஆண்டுகளில் தேர்வுக்கேற்பத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்தனர்.

பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கத்தக்க பொதுத்தேர்வு ஒன்றை உருவாக்க இப்பள்ளியின் ஆசிரியர்கள் முனைந்தனர். அதன் பயனாக 1968இல் ஜெனீவாவில் 'இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்' அமைப்பு நிறுவப்பட்டது. அதன் பட்டயப் படிப்பில் மாணவர் ஆறு பாடங்களைப் பயில்வர். அவற்றுள் ஒன்று, தாம் நன்கறிந்த மொழியில், பெரும்பாலும் தாய்மொழியில், இலக்கியம் கற்பதாகும். பிற பாடங்களை ஆங்கிலத்தில் படிப்பவரும் தம் மொழியின் இலக்கியத்தை இழக்கலாகாது என்னும் எண்ணம் இதில் புலப்படுகிறது.

எண்ணிப் பார்ப்போம்

இத்தகைய தனியார் பள்ளிகளில் கட்டணம் மிகுதி. எல்லோர்க்கும் இவை எட்டுவதில்லை. பல நாட்டாருடன் பழகும் மாணவர், தாம் வாழும் ஊரின் மொழியையும் மக்களையும் அறியாமலே வளர்ந்துவிடும் வாய்ப்பும் உண்டு. தொலைவிலுள்ளோரை அறியும் கல்வி, அடுத்த வீட்டாரையும் அறியச் செய்தல் வேண்டும்.

ஆயினும், இப்பள்ளி எழுப்பிய வினா எல்லா வகுப்பறைக்கும் உரியது. நாம் படிக்கும் ஒவ்வொரு போரையும் மறுபக்கத்தில் நின்றவரின் பிள்ளைகளும் படிக்கின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்திருந்தால் அப்பாடத்தை எவ்வாறு சொல்வோம் என எண்ணிப் பார்த்தல், வரலாற்றை நேர்மையாகக் கற்பதன் முதற்படியாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வரலாற்றுப் பாடத்திலுள்ள போர் ஒன்றை, இருதரப்பு மக்களின் நோக்கிலும் தனித்தனியே எழுதி வகுப்பறையில் படித்துக்காட்டுக.
2. 'பயிற்றுமொழி எதுவாயினும் தாய்மொழி இலக்கியம் கற்பது தேவை' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.
3. பிற மாநிலங்களிலிருந்து உங்கள் ஊருக்குப் பணிக்காக வந்துள்ளோரின் பிள்ளைகள் கல்வியில் சந்திக்கும் இடர்களைக் கேட்டறிந்து கட்டுரையாக்குக.