உங்கள் தெருவுக்கு ஒரு வாசனை வரைபடம்!

கண் மங்கினால் கண்ணாடி போட்டுக் கொள்கிறோம். காது மந்தமானால் டாக்டரிடம் ஓடுகிறோம். மூக்கை? ஜலதோஷம் பிடித்தால்தான் அப்படி ஒன்று இருக்கிற ஞாபகமே வருகிறது! பால் கெட்டதையும், குழம்பு அடிப்பிடிப்பதையும், கேஸ் கசிவதையும் முதலில் சொல்வது மூக்குதானே? அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு தாளும் கலர் பென்சிலும் போதும்.

பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் கேட் மக்லீன், நகரங்களில் நடந்து திரிந்து, அங்குள்ள வாசனைகளைப் படமாக வரைபவர். 2011-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு ஒரு படம் வரைந்தார். மதுபான ஆலையின் மால்ட் வாடை, மீன் வறுவல் கடை, செர்ரிப் பூ, மிருகக்காட்சி சாலையின் பென்குவின் என்று எல்லாமே அதில் உண்டு! வாசனைக்கு ஒரு நிறம். அது கிளம்பும் இடத்தில் புள்ளி. காற்று இழுத்துப் போகும் பக்கமெல்லாம் வளையங்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

இனி, உங்கள் தெருவுக்கு வருவோம்.

1. தெருவைக் கோட்டுப் படமாகப் போட்டுக் கொள்ளுங்கள். கர்ச்சீப்பைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அம்புக்குறி போடுங்கள்.

2. மெதுவாக நடங்கள். வாசனை தெரிந்த உடனேயே குறித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் சில நிமிஷம் நின்றால் மூக்கு பழகிப் போய்விடும். காபிப் பொடி கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே’ என்பார்!

3. ‘நல்ல வாசனை’, ‘கெட்ட நாத்தம்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? மிளகாய் வறுத்தால் நெடி, மீன் என்றால் கவிச்சி, எண்ணெய் பழசானால் சிக்கு வாடை, மழை விழுந்தால் மண்வாசனை.

4. லேசானதுக்கு 1, மூக்கைத் துளைப்பதற்கு 5 என்று மார்க் போடுங்கள்.

ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒப்பிடுங்கள். விஷயமே இங்கேதான். எல்லோரும் 4 போட்ட சாக்கடை வாடை தாத்தாவின் தாளில் மட்டும் இல்லையா? அவரைக் கிண்டல் செய்யாதீர்கள். வயதாக ஆக மோப்ப சக்தி குறையும். பலருக்கு அது குறைந்ததே தெரியாது. ஜலதோஷம், சைனஸ், மூக்கில் சதை வளர்ச்சி, கோவிட் என்று காரணங்கள் பல. பார்க்கின்ஸன் நோயில், கை நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே வாசனை மங்குவது உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஜலதோஷம் போன பிறகும் வாசனை தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

மூக்குக்குப் பயிற்சியும் உண்டு. ஜெர்மனியின் டாக்டர் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகர்ந்தவர்களில் சிலருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சமையல் கேஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாறும் பொருளைக் கலக்கிறார்கள். மோப்பம் குறைந்தவர் வீட்டில் தனியாக இருந்தால் அந்த எச்சரிக்கை வீண்தான். ஆகவே, வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவதை அவருக்கு வழக்கமாக்குங்கள். கசிவு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.

மாதம் ஒரு படம் வரைந்து பத்திரப்படுத்துங்கள். போன மாதம் இல்லாத சாக்கடை வாடை இந்த மாதம் குடிநீர்க் குழாய் பக்கம் வந்திருந்தால் உடனே புகார் கொடுக்கலாம். உங்கள் மூக்கில் மாற்றம் வந்தாலும் அந்தத் தாளே காட்டிக் கொடுத்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாமே!