வாசனைத் தைலத்தை எந்த எண்ணெயில் கலப்பது?

குளிர்காலம் வந்து வீட்டில் ஹைற்சுங் போடத் தொடங்கியதும் எம்மவர் பலருக்குத் தோல் வரண்டு, கால்களில் செதில் எழும்பி, இரவில் சொறியும். கடையில் வாங்கும் வாசனை ஸ்பிரேக்களில் மதுசாரம் கூடுதலாக இருப்பதால் வரட்சி இன்னும் அதிகமாகும். ஆகவே எண்ணெயில் சில துளி வாசனைத் தைலம் கலந்து, ஸ்பிரே போத்தலில் விட்டுப் பாவிப்பது நல்ல யோசனைதான். ஆனால் எல்லோரும் தைலத்தின் வாசனையைப் பார்த்து வாங்குகிறார்களே தவிர, தோலில் தங்கப்போகும் எண்ணெயைப் பற்றி யோசிப்பதில்லை. போத்தலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அதுதான்.

எமக்கு முதலில் நினைவுக்கு வருவது தேங்காய் எண்ணெய். ஊரில் அது எப்போதும் உருகியே இருக்கும். இங்கோ சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். ஓஸ்டர்முண்டிகனில் மார்கழி மாதத்தில் 20 பாகையில் இருக்கும் அறையில் ஸ்பிரே குழாய் அடைத்துக்கொள்ளும். உறையும் பகுதி நீக்கப்பட்ட தேங்காய் எண்ணெய் குளிரிலும் திரவமாகவே இருக்கும். மணமில்லை, இலகுவில் பழுதாகாது. ட்றோகெறிகளில் 'நொய்ட்ரால் எல்' என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பிரேக்கு எனது முதல் தெரிவு இதுவே.

அடுத்தது மலிவான சூரியகாந்தி எண்ணெய். பங்களாதேசின் டாக்கா நகரில் குறைமாதக் குழந்தைகளுக்கு இதைப் பூசியபோது மருத்துவமனைக் கிருமித்தொற்று குறைந்ததாக 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் வளர்ந்தவர்கள் சில வாரங்கள் ஒலிவ் எண்ணெய் பூசியபோது தோலின் பாதுகாப்புப் படை பலவீனமடைந்தது. சூரியகாந்தி எண்ணெயால் அப்படி நிகழவில்லை. ஆய்வில் பங்குபற்றியோர் சிறுதொகையினர்தான். இருந்தாலும் எக்சிமா உள்ள பிள்ளைக்கு ஒலிவ் எண்ணெய் பூசுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பொரிப்பதற்கென விற்கும் சூரியகாந்தி எண்ணெயின் சேர்க்கை வேறு, சாதாரணமானதையே எடுங்கள். இது விரைவில் காறல் மணம் எடுக்கும் என்பதால் சிறிய கறுத்தப் போத்தலில், இரண்டு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கலவுங்கள்.

நல்லெண்ணெய் தோய்ச்சலுக்குச் சரி. வாசனை ஸ்பிரேக்குச் சரிவராது, அதன் மணம் மல்லிகையையும் விழுங்கிவிடும். பாதாம் எண்ணெய் மென்மையானது, விலை கூட. பாதாம், கடலை, எள்ளு ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தந்த எண்ணெயைத் தொடவே கூடாது. பிள்ளைக்கு ஒவ்வாமை என்றால் தாய் பூசுவதும் அவதானம்.

100 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு 20 துளி தைலம் போதும். அது ஏறத்தாழ ஒரு வீதம். பன்னீர் சேர்க்க வேண்டாம்: எண்ணெயோடு கலக்காது, தண்ணீர் இருந்தால் கிருமியும் வளரும். முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி மூன்று நான்கு நாட்கள் பாருங்கள். வாசனைப் பொருள் ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குப் பின்புதான் சிவந்து தெரியும். ஒரு நாள் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள்.

இனி முக்கியமானது. எண்ணெயைக் காற்றில் விசிறினால் நுண்துளிகள் மூச்சோடு சுவாசப்பைக்குள் போகும். அங்கிருந்து அவை இலகுவில் வெளியேறா, அழற்சியை உண்டாக்கலாம். ஆகவே உள்ளங்கையில் அடித்து உடம்பில் தடவுங்கள். முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள், குளியலறைத் தரையிலும் சிந்த விடாதீர்கள், வழுக்கும்.

கைக்குழந்தைகளுக்கு வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம், வெறும் எண்ணெய் போதும். யூக்கலிப்டஸ், மெந்தோல், கற்பூரம் ஆகியவற்றைக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். கற்பூரத் தைலம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரலாம். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே 145க்கு அழையுங்கள். அது சுவிஸின் நச்சுத் தகவல் நிலையம், இரவு பகல் எந்நேரமும் பதில் சொல்வார்கள். வலிப்போ மூச்சுத்திணறலோ கண்டால் 144. அழைக்கும்போது போத்தலைக் கையில் வைத்திருங்கள், பெயரை வாசித்துச் சொல்லும்படி கேட்பார்கள்.