போகோபபோக அளவும் கைப்பேசியும்

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் 3 என்பர் சமந்தபத்திர ஆசாரியர். அவற்றுள் ஒன்று போகோபபோக பரிமாணம். உணவுபோல் ஒருமுறை துய்த்து ஒழிவது போகம். ஆடைபோல் மீண்டும் துய்ப்பது உபபோகம். இவற்றிற்கு அளவு வகுத்துக் கொள்வதே இவ்விரதம்.

வாழ்நாள் முழுதும் விடுவது யமம். காலவரையறை செய்து விடுவது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, அரைத்திங்கள், ஒரு திங்கள், ஒரு பருவம், 6 திங்கள் என அக்காலங்களை இரத்தினகரண்டக சிராவகாசாரம் எண்ணிக் காட்டுகிறது. அளவு செய்தற்குரியனவாக அது கூறுவனவற்றுள் ஊர்தியும் படுக்கையும் இசையும் உள. இன்று அவ்வரிசையில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நாம் சேர்த்தல் தகும்.

மயிற்பீலி, கமண்டலம், அறநூல் ஆகியவற்றோடு அமைதல் முனிவர்க்கு இயல்வது. நமக்கு நியமம் போதும். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் இல்லங்களில், உண்டபின் விடியும்வரை கைப்பேசியைத் தொடோம் என ஒரு திங்கள் நோற்கலாம். நோயுற்றார் பொருட்டு வரும் அழைப்பிற்கு முன்னரே விலக்கு வகுத்துக் கொள்ளலாம். முதியோர் சொல்லவும் பிள்ளைகள் கேட்கவும் இன்று இல்லாமற்போன மாலைப்பொழுது அதனால் மீளும்.

துய்த்ததையே மீண்டும் மீண்டும் நினைத்தல் இவ்விரதத்திற்கு அதிசாரமாகும். கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு மனத்தை அதனிடமே விட்டுவைத்தால் நோன்பு நிறைவுறாது. ஆதலின் சிறிய அளவே கொள்வோம். கொண்டதை வழுவாது காப்போம்.