கடல் என்ன நிறம்?

அன்புள்ள மதிக்கு,

எண்ணெய் வண்ணங்கள் வாங்கியிருக்கிறாய் என்றும், முதல் படமே கடல்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாய் என்றும் உன் அம்மா சொன்னாள். நல்லதுதான். தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடு.

குளோத் மொனே 1872இல் லே ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த படம் ஒன்று உண்டு: ‘மனப்பதிவு, சூரிய உதயம்’. அதைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். வண்ணத்தில் தணலாக எரியும் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சூரியனும் சுற்றியுள்ள மூட்டமும் ஒரே அளவு வெளிச்சத்தில் தீட்டப்பட்டிருப்பதுதான் காரணம். நீலச் சாம்பலுக்கு நடுவே ஆரஞ்சு உட்கார்ந்திருப்பதால்தான் அது எரிகிறது. வெள்ளையைக் கலந்து பளிச்சென்று ஆக்கப் பார்த்திருந்தால் அந்தச் சூடு போயிருக்கும். ஒரு நிறத்தின் பலம் அதன் பக்கத்தில் இருக்கும் நிறத்தில் இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொள், மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும்.

சரி, கடல் என்ன நிறம்? நீல டியூபைப் பிதுக்க அவசரப்படாதே. தூரத்துக் கடல் வானத்தைப் பிரதிபலிக்கிறது. வானம் சாம்பல் என்றால் அதுவும் சாம்பல்தான். கரையோரத்தில் தண்ணீருக்குள்ளேயே பார்வை இறங்குவதால் பச்சையும் மணலின் பழுப்பும் தெரியும். எழும் அலையின் நம்மைப் பார்த்த பக்கம் தண்ணீரின் நிறம். வானத்தைப் பார்த்த பக்கம் வானத்தின் நிறம். நுரையும் சுத்த வெள்ளை இல்லை. அதன் நிழல் பக்கத்தில் நீலமோ ஊதாவோ இருக்கும். நிழலுக்குக் கறுப்பைத் தொடாதே. அல்ட்ராமரின் நீலத்தோடு பழுப்பைக் கலந்தாலே போதுமான இருட்டு கிடைக்கும்.

சின்ன கேன்வாஸ் எடுத்துக்கொள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து வானம், கடல், மணல் மூன்றில் எது வெளிச்சம், எது இருட்டு என்று முதலில் முடிவு செய். டர்பன்டைன் கலந்த மெல்லிய வண்ணத்தால் அவற்றை நிரப்பு. அதன்மேல்தான் கெட்டி வண்ணம். தலைகீழாகச் செய்தால் அடியில் உள்ளது மெதுவாகக் காய, மேல்பூச்சு வெடிக்கும். தட்டைத் தூரிகையில் தாராளமாக வண்ணம் எடு, ஒரு முறை வை, கையை எடுத்துவிடு. ஈரத்தின் மேல் தேய்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் சேறாகும். தூரத்துக் கடலுக்குக் கிடைமட்டமான மெல்லிய கீற்றுகள். கிட்டே வர வர அகலமும் கனமும் கூடட்டும். வேலை முடிந்ததும் எண்ணெய் நனைந்த துணிகளைக் குவித்துப் போடாதே. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடு.

முடிந்தால் கடற்கரைக்கே போய் வரை. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கும் வரை, ஓவியர்கள் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். டியூப் வந்த பிறகுதான் வெளியே உட்கார்ந்து வரைவது எளிதாயிற்று. 1870இல் மொனே வரைந்த ‘துரூவில் கடற்கரை’ லண்டன் தேசிய காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வண்ணத்துக்குள் மணல் துகள்கள் இன்றும் ஒட்டியிருக்கின்றன. காற்றடித்து உன் படத்தில் மணல் விழுந்தால் பதறாதே.

காற்றைவிடப் பெரிய தொல்லை வெளிச்சம். அது நிற்காது. எத்ரத்தா கடற்கரையில் மொனே ஒரே காட்சிக்கு ஐந்தாறு கேன்வாஸ்களைச் சிறுவர்களிடம் சுமக்கக் கொடுத்து, வெளிச்சம் மாற மாறப் படத்தை மாற்றி வரைந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான். உனக்கு ஒரு கேன்வாஸ் போதும். வெளிச்சம் மாறியதும் நிறுத்து. அரைகுறையாக இருந்தாலும் வீட்டில் வைத்து நினைவிலிருந்து மெருகேற்றாதே. மறுநாள் அதே நேரத்துக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்.

அன்புடன்,
பெரியப்பா