முடக்குவாதமும் தட்டச்சும்

அன்புள்ள உமையாளுக்கு,

விரல் மூட்டு வலி எல்லாம் ஒன்றல்ல. வயதோடு வரும் தேய்மானம் பெருவிரலின் அடிமூட்டையும் நகத்தை ஒட்டிய கணுக்களையும் பிடிக்கும். காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். உமையாளுக்கு வந்திருக்கும் முடக்குவாதம் மணிக்கட்டையும் விரல் மொளிகளையும் பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒருசேரப் பிடிக்கும். ஒரு மணி நேரமானாலும் இறுக்கம் தளராது. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்குவதால் இளம் வயதிலும் வரும். கணினி இதற்குக் காரணமில்லை. அதனால் கணினியை மூடிவைத்துவிட்டு மாத்திரையையும் நிறுத்துவது சரியான வழியல்ல. ஆயாவுக்கு இது வந்தபோது வீடே தைலத்தை நம்பியிருந்தது; கோணிய விரல்கள் பிறகு நிமிரவே இல்லை.

உட்காரும் இடமும் முக்கியம். வளவில் பாய் விரித்து, பழைய கணக்குப்பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்தால் சரிவான பலகை மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும். முழங்கை உயரத்துக்கு மேசை வேண்டும். தனி விசைப்பலகையின் பின்கால்களை மடக்கிவிட வேண்டும். சுட்டியை மணிக்கட்டால் திருகாமல் முழுக்கையாலும் நகர்த்த வேண்டும்.

தமிழைத் தட்டும் முறை அவரவர் விருப்பம். ஆனால் வலிக்கும் கைக்கு ஒவ்வொரு தட்டும் கணக்கு. ‘காரைக்குடி’ என்பதை ஆங்கில எழுத்துகளில் ஒலிப்பின்படி அடித்தால் 11 தட்டு. தமிழ்99 முறையில் 9. ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். அ, இ, உ, க, ப, ம, த எல்லாம் விரல் ஓய்ந்திருக்கும் நடுவரிசையிலேயே கிடைக்கும். கிரந்த எழுத்தோ ஆய்தமோ வந்தால்தான் ஷிஃப்ட் தேவை. பழைய தட்டச்சு முறையிலோ சுண்டுவிரல் அந்த விசையிலேயே கிடக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி தமிழக அரசே ஏற்ற முறை தமிழ்99. கால் நூற்றாண்டு கடந்தும், நம் வீட்டுப் பிள்ளைகள் உட்பட, பலர் கற்றுக்கொள்ளவில்லை என்பது பெரிய குறை. பல முறை சொல்லியும் தள்ளிப்போடப்பட்ட காரியம் இது. இப்போதாவது தொடங்குவது நல்லது.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாத நாளில் ஷிஃப்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதியைத் தரும். பிறகு ஒவ்வொன்றாக அழுத்தினால் போதும். வீக்கம் கூடிய நாளில் குரல்வழித் தட்டச்சு உதவும். கூகுள் 2017இல் தமிழுக்கும் அதைக் கொண்டுவந்தது. பேசியதில் பிழை திருத்தும் வேலை மட்டும் மிஞ்சும். ஒற்று மிகும் இடங்களில் அதை நம்பக் கூடாது.

காலையில் வெந்நீரில் கை நனைத்து, இறுக்கம் விட்ட பிறகே வேலையைத் தொடங்கலாம். அரை மணிக்கொரு முறை எழுந்து நடக்கலாம். உமையாள் எழுதும் ஆய்வேடு ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. எந்த முறையில் அடித்தாலும், அடிக்காமலே விட்டாலும், உமையாள் எங்கள் செல்லம்தான். மேசைக்குத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது.

அன்புடன்,
பெரியப்பச்சி
காரைக்குடி