பிரசவப் பந்து: விற்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டியவை



யான் வைத்தியன் அல்லேன். மத்ரஸாவிலும் ஆரம்பப் பாடசாலையிலும் கற்ற அளவே என் கல்வி. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டியின் முன் கற்றது. எனினும், என் கடைச் சரக்கு ஒன்றினால் என் சொந்த மகளுக்கே நேரவிருந்த ஆபத்தை எண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

என் மூத்த மகள் தலைப்பிரசவத்திற்காக எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். அப்பொழுது எட்டாம் மாதம். பெரிய காற்றுப் பந்து ஒன்று வாங்கி, அதன்மேல் உட்கார்ந்து பழகும்படி தாதி சொல்லியனுப்பினார். "பிள்ளைத்தாய்ச்சி பந்தின்மேல் உட்காருவதா?" என்று என் மாமியார் திகைத்தார். யானோ, "கிட்டங்கியில் விலைபோகாத பந்து ஒன்று கிடக்கிறதே, வேறு வாங்குவானேன்?" என்று அதனை எடுத்துவந்து, இறுகக் காற்றடித்துக் கொடுத்தேன். அது 75 சென்டிமீட்டர் பந்து. மகளோ ஐந்தடி உயரமே உள்ளவள். உட்கார்ந்ததும் பாதம் தரையில் படியவில்லை. பந்து பின்னால் உருண்டது. என் மனைவி பாய்ந்து தாங்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க அஞ்சுகின்றேன்.

"வாப்பா, நம் கடையில் இதை வாங்கிப் போகிறவர்களை யார் தாங்குவார்கள்?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அதன்பின் தாதியிடம் கேட்டும், படித்தவர்களைக்கொண்டு வாசித்தும் அறிந்தவற்றைக் கீழே தருகின்றேன்.

பந்து வந்த வழி

இப்பந்து பிரசவத்திற்கென்று செய்யப்பட்டதன்று. 1963-ம் ஆண்டில் இத்தாலிய பிளாஸ்டிக் உற்பத்தியாளர் அக்குயிலினோ கொசானி என்பவர் இதனை உருவாக்கினார். மேரி குவின்டன் என்னும் ஆங்கிலேய உடலியக்கச் சிகிச்சையாளர் சுவிட்சர்லாந்தில் பச்சிளங் குழந்தைகளின் சிகிச்சைக்கு இதனைப் பயன்படுத்தினார். அங்கே கண்ட அமெரிக்கச் சிகிச்சையாளர்கள் இதனைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றதால் 'சுவிஸ் பந்து' என்னும் பெயர் நிலைத்தது. பிரசவ அறைக்குள் இது நுழைந்தது அதற்கும் பின்னரே.

பயன் யாது?

கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் முதுகுப்பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். நிமிர்ந்திருந்தால் அப்பாரம் நீங்கும். குழந்தை கீழிறங்கப் பூமியின் ஈர்ப்பும் துணைசெய்யும். பந்தின்மேல் உட்கார்ந்து இடுப்பை மெல்ல அசைக்கையில் இடுப்பெலும்பின் மூட்டுகள் இறுக்கம் தளர்கின்றன, முதுகுவலியும் தணிகின்றது.

பிரசவத்தின் முதற்கட்டத்தில் நிமிர்ந்திருந்த, நடமாடிய பெண்களையும் படுத்திருந்த பெண்களையும் ஒப்பிட்ட 25 ஆய்வுகளைத் திரட்டி, 2013-ல் காக்ரேன் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. நிமிர்ந்திருந்தவர்களுக்கு முதற்கட்டம் சுமார் 1 மணி 22 நிமிடம் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018-ல், ஆபத்தில்லாத பிரசவங்களில் தாய்மார் நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்கப்படுத்த வேண்டுமென்று பரிந்துரைத்தது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மேற்சொன்ன கணக்கு நிமிர்ந்திருத்தலைப் பற்றியது. பந்தை மட்டும் பற்றியதன்று. பந்தினால் வலி குறைந்ததென்று ஆய்வுகள் கூறுகின்றன. நேரம் உறுதியாகக் குறையுமென்று சொல்வதற்கில்லை. பந்தின்மேல் குதித்தால் வலி உடனே கண்டுவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. ஆதலின் "இதை வாங்கினால் சுகப்பிரசவம் நிச்சயம்" என்று எந்த வியாபாரியும் சொல்லற்க.

அளவு

ஏறக்குறைய 160 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுடையவர்க்கு 55 சென்டிமீட்டர் பந்து. அதற்கு மேல் 173 வரை 65. அதற்கும் மேற்பட்டவர்க்கு 75. இது பொதுவான கணக்கே. உட்கார்ந்து பார்ப்பதே சரியான சோதனை. இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படியவேண்டும்; இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கவேண்டும். பந்து கல்போல் இறுகியிருத்தல் கூடாது. முள்ளோ ஆணியோ குத்தினால் திடீரென வெடியாமல் மெல்லக் காற்றிறங்கும் வகையாகப் பார்த்து வாங்கவேண்டும். கடைத்தெரு அஞ்சடியில் தொங்கும் விளையாட்டுப் பந்து இதற்கு உதவாது.

பழகும் முறை

கர்ப்ப காலத்தில் முதன்முறை உட்காரும்போது ஒருவர் பின்னால் நிற்கவேண்டும். வழுக்குந் தரையும் காலுறையும் ஆகா, வெறுங்கால் நல்லது. கால்களை அகலமாக ஊன்றி, இடுப்பைப் பக்கவாட்டிலும் வட்டமாகவும் மெல்ல அசைக்கலாம். சில நிமிடங்களில் தொடங்குக. தலை சுற்றினாலோ வலித்தாலோ நிறுத்துக.

பிரசவ வலி கண்டபின் பந்தில் உட்கார்ந்து, கட்டிலின்மேல் கைகளைச் சாய்த்து ஆடலாம். அல்லது மெத்தைமேல் மண்டியிட்டு, பந்தைக் கட்டிக்கொண்டு முன்புறம் சாயலாம். முதுகு வலி மிகுந்தவர்க்கு இம்முறை இதமாயிருக்கும். உடனிருப்பவர் முதுகைத் தேய்த்துவிடவும் வசதி. மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டவர் பந்தின்மேல் உட்காரக் கூடாது. அவர்களுக்கென நிலக்கடலை வடிவப் பந்து ஒன்று உண்டு. ஒருக்களித்துப் படுத்த நிலையில் தாதிமார் அதனை முழங்கால்களுக்கிடையே வைப்பர்.

எச்சரிக்கை

உதிரப் போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருத்தல், குறைமாதப் பிரசவ அச்சம், மிகு இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் பந்தைத் தொடலாகாது. பனிக்குடம் உடைந்தால் பந்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும்.

நம் கடமை

மறுநாளே 55 சென்டிமீட்டர் பந்து வாங்கிக் கொடுத்தேன். வலி கண்ட இரவில் மருமகன் தம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மகள் பந்தில் அமர்ந்திருக்கப் பின்னாலிருந்து முதுகைத் தேய்த்துவிட்டார். "வலி போகவில்லை, ஆனால் தாங்க முடிந்தது" என்று பிறகு தாயிடம் சொன்னாளாம். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம்.

இப்பொழுது என் கடையில் பந்து கேட்டு யார் வந்தாலும், "யாருக்கு? எவ்வளவு உயரம்? தாதியைக் கேட்டீர்களா?" என்று கேட்ட பின்னரே சரக்கை எடுக்கும்படி கடைப் பையன்களுக்குச் சொல்லியிருக்கின்றேன். சரியான அளவு இல்லாவிட்டால் இல்லையென்று சொல்லிவிடுகிறோம். அதனால் நாலு வெள்ளி குறையலாம். விற்ற பந்திலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி விழுந்தால், அந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவோம்? சகோதரர்கள் சிந்திப்பார்களாக. வஸ்ஸலாம்.